ஒரு கிட்டார், இரண்டு பேர்: ஒரு சின்ன வரலாறு



பொங்கல் விழாவில் நம் குடியிருப்புப் பிள்ளைகள் இருவர் பழைய ஆங்கில ராக் பாடல்கள் நான்கு பாடியது உங்களுக்கு நினைவிருக்கும். ஒருவர் பாட்டு, மற்றவர் கிட்டார். டிரம்ஸ், கீபோர்டு எதுவும் இல்லை. அடுத்து நடந்த சங்கக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது: "ஒற்றைக் கிட்டார் எடுபடவில்லை. ஆண்டு விழாவில் கரோக்கி டிராக் போட்டுப் பாடட்டும்." எனக்கு அன்று உடனே பதில் சொல்ல வரவில்லை. இப்போது சொல்கிறேன். முடிவு எடுக்கும் முன் தயவுசெய்து படித்துவிடுங்கள்.

ஒரு ராக் குழுவில் வழக்கமாக வேலை பிரிந்திருக்கும். ஒருவர் ரிதம் கிட்டாரில் கார்டுகளை வாசிப்பார். ஒருவர் லீட் கிட்டாரில் மெட்டையும் இடையிசையையும் வாசிப்பார். அடிநாதத்துக்கு பேஸ் கிட்டார், தாளத்துக்கு டிரம்ஸ். இருவர் மட்டும் மேடையேறும்போது இந்த நாலு பேர் வேலையும் ஒரே கிட்டார்காரர் தலையில் விழுகிறது. கட்டை விரல் தடித்த கம்பிகளில் பேஸ் போடும். மற்ற விரல்கள் கார்டைப் பிடிக்கும். உள்ளங்கை கம்பியை அமுக்கியும் தட்டியும் தாளம் கொடுக்கும். பாடுபவரின் சுருதிக்கு ஏற்ப கேப்போ மாட்ட வேண்டும். கணக்குப் பிள்ளையும் காசாளரும் மேலாளரும் ஒருவரே என்றால் கிளை எப்படி நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

ஆனாலும் உலகப் புகழ் பெற்றவர்களே இப்படி வாசித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பால் சைமன், ஆர்ட் கார்ஃபங்கல் இருவரும் 1964இல் 'தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்' பாடலை அக்கூஸ்டிக் கிட்டாருடன் பதிவு செய்தார்கள். இசைத்தட்டு விற்கவில்லை. மறு ஆண்டு தயாரிப்பாளர் டாம் வில்சன், இருவருக்கும் தெரியாமலேயே அந்தப் பதிவின் மேல் எலக்ட்ரிக் கிட்டார், பேஸ், டிரம்ஸ் சேர்த்து வெளியிட்டார். 1966 ஜனவரியில் அது அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அதன் பிறகு அவர்கள் மேடைக்குப் பெரிய குழுவை அழைத்து வந்திருக்கலாம். 1967 ஜனவரியில் நியூயார்க்கில் நடந்த கச்சேரியில் இருந்தது இரண்டு குரல்களும் சைமனின் ஒரே கிட்டாரும்தான். அந்தக் கச்சேரி பின்னாளில் இசைத்தட்டாகவே வந்தது.

நம் நாட்டிலும் இதற்கு முன்கதை உண்டு. சிம்லா என்ற சிகரெட்டின் விளம்பரத்துக்காக நடந்த 'சிம்லா பீட்' போட்டியில் கல்லூரி வயது இளைஞர்களின் குழுக்கள் பாடின. 1970, 1971 போட்டிகளின் பாடல்கள் இசைத்தட்டாக வந்துள்ளன. பெங்களூரின் டைனோசார்ஸ் குழு கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் பாடல் ஒன்றை அதில் வாசித்திருக்கிறது. 1972இல் லெட் செப்பெலின் குழுவின் ஜிம்மி பேஜும் ராபர்ட் பிளான்ட்டும் பம்பாய் வந்தார்கள். 'ஸ்லிப் டிஸ்க்' என்ற இரவு விடுதியில் பிளான்ட் பாட, பேஜ் கிட்டார் வாசித்தார். பேஸுக்கும் டிரம்ஸுக்கும் உள்ளூர் இளைஞர்கள். பெரிய அரங்குகளை நிரப்பியவர்களுக்கு அன்று இருந்த வசதி அவ்வளவுதான்.

நம் பக்கத்துக்கு வருவோம். திண்டுக்கல் அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டம் ஆனது 1985இல். அதே மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்திலிருந்து 1960களின் இறுதியில் சென்னை சென்ற இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார். 1976இல் 'அன்னக்கிளி'க்கு இசையமைக்கும் முன் மற்றவர்களின் பாடல்களுக்குக் கிட்டார் வாசித்தவர் அவர். 1980இல் 'மூடுபனி'யில் 'என் இனிய பொன் நிலாவே', 1982இல் 'பயணங்கள் முடிவதில்லை'யில் 'இளைய நிலா' வந்தன. 'இளைய நிலா'வின் கிட்டாரை வாசித்தவர் சந்திரசேகர். அந்தப் பாடலைக் கேட்டுக் கிட்டார் வாங்கியவர்கள் உங்களில் சிலராவது இருப்பீர்கள்.

1970களின் கடைசியில் நானும் ஒரு நண்பனும் இப்படித்தான் பாடினோம். அவன் பாட்டு, நான் கிட்டார். வெளிநாட்டுக் கிட்டார் என்றால் இறக்குமதி லைசென்ஸ், கடுமையான சுங்க வரி. நமக்குக் கொல்கத்தாவில் செய்த 'கிவ்சன்' தான், அதுவும் பழசு. ('கிப்சன்' இல்லை, 'கிவ்சன்'!) கம்பி அறுந்தால் மதுரைக்குப் பஸ் ஏற வேண்டும்.

ஒரு விழாவில் 'ஹோட்டல் கலிஃபோர்னியா' பாடினோம். அதன் கடைசியில் வரும் நீண்ட இசையை ஈகிள்ஸ் குழுவில் டான் ஃபெல்டர், ஜோ வால்ஷ் என்று இரண்டு பேர் சேர்ந்து வாசித்தார்கள். நான் தனியாக அதை அப்படியே வாசிக்கப் பார்த்தேன். லீடுக்குப் போனதும் கார்டு நின்றுவிட்டது. கீழே தாங்க எதுவும் இல்லை. கூட்டம் பேச ஆரம்பித்தது. நண்பன் கையைத் தட்டித் தாளம் போட்டுக் காப்பாற்றினான். இறங்கியதும் அவன் சொன்னது: "முழுசா வாசிக்கணும்னு யாரு கேட்டா? பாட்டு நிக்காம இருந்தாப் போதும்டா." அதன் பின் அந்த இடத்தில் கார்டுகளை விடாமல் பிடித்து, மெட்டின் சில சுரங்களை மட்டும் மேல் கம்பியில் தொட்டு வாசித்தேன். மீதியைக் கேட்பவர்களே மனதில் நிரப்பிக்கொண்டார்கள்.

பொங்கலன்று நம் பிள்ளையும் அதே இடத்தில் தடுமாறினார். நீங்கள் "எடுபடவில்லை" என்றது அந்த அரை நிமிடத்தைத்தான் என்று நினைக்கிறேன். டிராக் போட்டால் அந்தத் தடுமாற்றம் இருக்காது, உண்மைதான். ஆனால் பாடுபவர் மூச்சு வாங்க ஒரு நொடி தாமதித்தால் டிராக் காத்திருக்காது. பக்கத்தில் நிற்கும் கிட்டார்காரர் காத்திருப்பார். எந்தச் சுரத்தை விடலாம், எதை விடக் கூடாது என்று அந்தப் பிள்ளை கற்றுக்கொள்வதும் டிராக் இல்லாத மேடையில்தான்.

என் நண்பன் இன்று இல்லை. கிவ்சன் பரணில் இருக்கிறது. ஆண்டு விழாவில் அந்த இருவருக்கும் டிராக் இல்லாமல் இருபது நிமிடம் ஒதுக்க வேண்டும் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். ஒத்திகைக்கு மாலை ஆறு முதல் ஏழு வரை சமுதாயக் கூடத்தைத் திறந்துவிட்டால் மேல்தளத்துக்காரர்களுக்கும் தொந்தரவு இருக்காது. கை தட்டித் தாளம் போட ஆள் வேண்டுமென்றால் முன் வரிசையில் நான் இருப்பேன். நீங்களும் வாருங்கள்.