லிபரேட்டரின் மறுபிறவி

ஒரு பொருளைச் செய்தவனுக்குப் பெயர் கிடைக்கிறது. அதைக் கொண்டு யுத்தம் செய்தவனுக்குப் புகழ் கிடைக்கிறது. உடைந்து கிடந்ததை எடுத்துப் பழுது பார்த்துப் பிழைக்க வைத்தவனை மட்டும் உலகம் சௌகரியமாக மறந்துவிடுகிறது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கனடாவிலும் உள்ள சில பொருட்காட்சி சாலைகளில் லிபரேட்டர் என்ற ராட்சதக் குண்டுவீச்சு விமானங்கள் நிற்கின்றன. பார்க்கிறவர்கள் வாயைப் பிளக்கிறார்கள். அவற்றில் ஐந்து, நம் கான்பூர்க் குப்பைமேட்டிலிருந்து எழுந்து போனவை என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

லிபரேட்டர் சாமான்யமான விமானம் அல்ல. இறக்கையின் அகலம் 110 அடி. ஒவ்வொன்றும் 1,200 குதிரைச் சக்தி கொண்ட நான்கு இஞ்சின்கள். இரண்டாவது உலக மகாயுத்தத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகள் 18,000க்கு மேல் செய்து தள்ளின. நம் தலைக்கு மேலேயும் அது பறந்திருக்கிறது. 1944-ல் சென்னைப் பரங்கிமலைத் தளத்திலிருந்தும், இலங்கைத் தளங்களிலிருந்தும் பிரிட்டிஷ் லிபரேட்டர்கள் கிளம்பி வங்கக் கடலைக் காவல் காத்தன.

யுத்தம் முடிந்தது. இந்த விமானங்கள் அமெரிக்கா பிரிட்டனுக்குக் கடன்-குத்தகை ஒப்பந்தப்படி கொடுத்தவை. திருப்பிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் விலை கொடுக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் அழித்துவிட வேண்டும். அழிப்பதுதான் மலிவு என்று முடிவாயிற்று. கான்பூர் விமான தளத்தில் வரிசையாக நிறுத்தி, உடலைக் குத்திக் கிழித்தார்கள். கருவிகளை நொறுக்கினார்கள். இஞ்சினுக்குள் மணலைக் கொட்டினார்கள். பிறகு அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வெயிலும் மழையும் மிச்ச வேலையைக் கவனித்துக்கொண்டன.

இஞ்சினுக்குள் மணல் போவது என்றால் என்ன என்று எங்கள் கடமலைக்குண்டுப் பக்கத்தில் ஆயில் இஞ்சின் வைத்துக் கிணற்று நீர் இறைத்தவர்களைக் கேளுங்கள். ஒரு பிடி மணல் போதும். சிலிண்டர் கீறிப் போகும், பிஸ்டன் தேய்ந்து போகும். அந்த வெள்ளாமை போனது போனதுதான். இங்கேயோ, ஆட்களைச் சுமந்து ஆகாயத்தில் போக வேண்டிய இஞ்சின்! அழித்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் நிம்மதியாகப் போனார்கள்.

1948-ம் வருஷம். தேசம் விடுதலை பெற்று ஒரு வருஷந்தான் ஆகியிருந்தது. காஷ்மீரில் சண்டை நடந்துகொண்டிருந்தது. நமது விமானப் படையிடம் கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூடக் கிடையாது. புதிதாக வாங்கப் பணமும் இல்லை. அப்போதுதான் கான்பூர்க் குவியலின் மேல் பார்வை விழுந்தது. பெங்களூரிலுள்ள ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலைக்கு ஆள் அனுப்பினார்கள். 1940-ல் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் சமஸ்தானத்தின் துணையோடு தொடங்கிய தொழிற்சாலை அது. யுத்த காலத்தில் அமெரிக்கப் படையின் விமானங்களைப் பழுது பார்த்துக் கைபழகிய தொழிலாளர்கள் அங்கே இருந்தார்கள்.

அவர்கள் கான்பூருக்குப் போனார்கள். அதிகம் சேதப்படாதவற்றைப் பொறுக்கினார்கள். ஒன்றின் இஞ்சினை எடுத்து இன்னொன்றில் வைத்தார்கள்; ஒன்றின் சக்கரத்தை மற்றொன்றுக்கு மாட்டினார்கள். பூரணமான பழுது பார்த்தலைப் பெங்களூரில்தான் செய்ய முடியும். பெங்களூரோ சுமார் 1,500 கிலோமீட்டருக்கு அப்பால். அதுவரை பறந்தால் போதும் என்ற அளவில் தேற்றினார்கள்.

தரையில் நிற்கிறவர், "சரியாய்விட்டது" என்று சொல்லிவிடலாம். அந்தச் சொல்லை நம்பி ஏறி உட்காருகிறவர் ஒருவர் வேண்டுமே! அப்படி உட்கார்ந்தவர் தொழிற்சாலையின் தலைமைச் சோதனை விமானி ஜாம்ஷெட் கைகோபாத் முன்ஷி. ஜிம்மி முன்ஷி என்று அழைப்பார்கள். அதற்கு முன் லிபரேட்டரை அவர் ஓட்டியதில்லை. ஒரு தடவை பிழைத்து வந்தால் போதும் என்று யாரும் விட்டுவிடுவார்கள். அவரோ மறுபடியும் மறுபடியும் கான்பூருக்குப் போனார். சுமார் நாற்பது விமானங்கள் இப்படிப் பெங்களூர் வந்து சேர்ந்தன. பின்னர் 1951-ல், இந்தியாவிலேயே வடிவமைத்த ஹெச்.டி.2 பயிற்சி விமானத்தை முதன்முதலாக ஆகாயத்தில் ஏற்றியவரும் அவரே.

1948 நவம்பரில் லிபரேட்டர்களைக் கொண்டு ஐந்தாவது விமான அணி பிறந்தது. 1951-ல் கடல் காவலுக்கு ஆறாவது அணி. அழிக்கப்பட்ட விமானங்கள் 1968 வரை, இருபது வருஷம், உழைத்தன! அதற்குள் மற்ற தேசங்கள் தங்கள் லிபரேட்டர்களில் பெரும்பாலானவற்றை உருக்கித் தீர்த்துவிட்டன. சரித்திரத்துக்கு ஒன்று வேண்டுமே என்று தேடியபோது, இந்தியாவில்தான் இருந்தது.

கனடாக்காரர்கள் ஒரு லைசாண்டர் விமானத்தை நமக்குக் கொடுத்துவிட்டு, 1968-ல் ஒன்றைப் பெற்றார்கள். அது ஆட்டவாவில் இருக்கிறது. 1969-ல் ஒன்று பூனாவிலிருந்து அமெரிக்காவின் டூஸான் நகருக்குப் போயிற்று. 1974-ல் ஒன்று பிரிட்டிஷ் விமானப் படைப் பொருட்காட்சி சாலைக்குப் போயிற்று. இம்மூன்றும் கப்பலில் போகவில்லை, ஸ்வாமி. தாமே பறந்து போயின! பெங்களூர்க் கைகளுக்கு இதைவிட நற்சாட்சிப் பத்திரம் எதற்கு? வேறொன்று ஃப்ளோரிடா போய்ச் சேர்ந்தது. டில்லி பாலம் பொருட்காட்சி சாலையில் நமக்கென்று ஒன்று மிஞ்சியிருக்கிறது.

ஐந்தாவதன் கதைதான் விசித்திரம். மாசசூசெட்ஸிலுள்ள காலிங்ஸ் நிறுவனம் அதை 1984-ல் வாங்கி, 1989-ல் பறக்கவிட்டது. பிரிட்டிஷ் படையிலும் பிறகு நம் படையிலும் இருந்த விமானம் அது. ஆனால் அமெரிக்க வர்ணம் பூசினார்கள். பிற்பாடு 'விட்ச்கிராஃப்ட்' என்று பெயரும் எழுதினார்கள். அசல் விட்ச்கிராஃப்ட் 130 தடவை போர்முனைக்குப் போய் வந்த வீர விமானம். யுத்தம் முடிந்ததும் அதை உடைத்துப் போட்டார்கள். உடைபட்டதன் பெயரைப் பிழைத்தது சுமக்கிறது.

இறந்த வீரர்களை நினைக்க அமெரிக்கர்கள் செய்த காரியம் இது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த வர்ணத்துக்கு அடியில் இருக்கும் தகடு வேறொரு சரித்திரத்தை அறியும். மணல் கொட்டிய இஞ்சினைக் கழற்றித் துடைத்து மாட்டிய தொழிலாளியும், அவன் சொல்லை நம்பி ஏறிய விமானியும் இல்லாவிட்டால், வர்ணம் பூச அங்கே விமானமே இருந்திராது. யுத்தத்தில் ஜெயித்தவர்களின் பெயரை விமானத்தின் நெற்றியில் எழுதட்டும். வால் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது. அங்கே கான்பூர் என்றும் பெங்களூர் என்றும் முன்ஷி என்றும் எழுதினால், சரித்திரம் ஒன்றும் குறைந்துவிடாது.