குன்றே கோயிலான வரலாறு

மலையும் வனமும் நீர்நிலையும் இறைவன் உறையும் இடங்கள் என்பது தமிழர்தம் தொன்மையான கொள்கை. மலை சார்ந்த நிலத்தைச் சேயோனாகிய முருகனுக்கு உரியதாக வகுத்தது தொல்காப்பியம். மூர்த்தியோடு தலமரத்தையும் தீர்த்தத்தையும் சேர்த்தே ஒரு தலத்தின் பெருமையைப் பேசுவது மரபு. கடல் கடந்து மலாயா மண்ணில் குடியேறிய தமிழர்கள் இம்மரபைக் கைவிடாது காத்தனர் என்பதற்குப் பத்துமலைத் திருத்தலமே தலையாய சான்றாகும்.

கோலாலம்பூருக்கு வடக்கே ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில் எழுந்து நிற்கும் இச்சுண்ணாம்புக் குன்று, சுமார் 40 கோடி ஆண்டுத் தொன்மையுடையது என்பர் நிலவியலார். 'பத்து' என்பது இங்கே எண் அன்று; கல்லைக் குறிக்கும் மலாய்ச் சொல். ஆற்றைக் குறிக்கும் 'சுங்கை' என்னும் மலாய்ச் சொல் சுங்கை வேயின் பெயரில் நிலைத்திருப்பதைப் போன்றே, பத்துமலையின் பெயரிலும் இயற்கையே நிலைத்துள்ளது. தெமுவான் பழங்குடியினர் இக்குகைகளைப் புகலிடமாகக் கொண்டிருந்தனர். பின்னர் வந்த சீனர்கள் வௌவால் எச்சத்தைத் தங்கள் காய்கறிப் பயிர்களுக்கு எருவாக எடுத்துச் சென்றனர். 1878ஆம் ஆண்டில் அமெரிக்க இயற்கை ஆய்வாளர் வில்லியம் ஹோர்னடே கண்டு எழுதியபின் வெளியுலகும் இக்குகைகளை அறிந்தது.

இயற்கை அமைத்த அவ்விடத்தை வழிபாட்டுத் தலமாகக் கண்டவர் கா. தம்புசாமிப் பிள்ளை அவர்கள். 1873ஆம் ஆண்டில் கோலாலம்பூர் ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயத்தைத் தோற்றுவித்த அப்பெருமகனார், குகை வாயில் வேல் போன்று விளங்கக் கண்டு, 1891ஆம் ஆண்டளவில் அங்கு முருகப்பெருமானை எழுந்தருளச் செய்தார். 1892ஆம் ஆண்டு முதல் தைப்பூச விழா நடைபெற்று வருகிறது.

அங்கே கோபுரம் எழுப்பியன்று வழிபாடு தொடங்கியது. குன்றே கோபுரமாகவும் குகையே கருவறையாகவும் அமைந்தன. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, பகலெல்லாம் பால்மரக் காட்டில் உழைத்த தோட்டப் பாட்டாளிகளுக்கு, மனச்சுமையை இறக்கிவைக்கும் இடமாக அது விளங்கியது. 1920ஆம் ஆண்டில் மரப்படிகள் அமைக்கப்பட்டன. பின்னர் அவற்றின் இடத்தில் எழுந்த 272 கற்காரைப் படிகளே இன்றும் அடியார்களை ஏற்றிச் செல்கின்றன.

எனினும் இவ்விடம் தானாகவே நிலைத்துவிடவில்லை. குன்றின் பக்கங்களைக் கல்லுடைப்புத் தொழில் பல்லாண்டுகள் அரித்து வந்தது. குகைகளுக்கு நேரவிருந்த கேட்டை உணர்ந்து எதிர்ப்பு வலுத்தபின், 1980களில் அத்தொழில் ஓய்ந்தது. கோயிற் குகைக்கு அருகிலுள்ள இருட்டுக் குகையில், தன் வளைக்கு மூடி அமைத்து வாழும் அரிய சிலந்தியினம் இன்றும் வாழ்கிறது. கல்லுடைப்பு தொடர்ந்திருப்பின் அவ்வுயிர்க்கும் அடியார்க்கும் ஒருங்கே இழப்பு நேர்ந்திருக்கும். 2006ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற 42.7 மீட்டர் உயர முருகன் திருவுருவம் இத்தலத்தின் புகழை உலகெங்கும் பரப்பியது. ஆயினும் திருவுருவத்திற்குப் பின்னால் நிற்கும் குன்றே தலத்தின் முதற்செல்வம். இலட்சக்கணக்கானோர் கூடும் விழா நாளில் குப்பையும் பேரொலியும் அச்செல்வத்தைக் குறைப்பன என்பதை மறத்தல் ஆகாது.

தோட்டங்கள் மறைந்து, தொழிற்சாலைகளும் நெடுஞ்சாலைகளும் நிறைந்துவிட்ட சுங்கை வே போன்ற ஊர்களில் குன்றும் குகையும் இல்லை. ஆலய வளாகமே மரநிழலையும் மண்வாசனையையும் காக்க வல்ல இடமாகும். வில்வம், வேம்பு, அரளி, துளசி ஆகியவற்றைக் கொண்ட ஒரு சிறு நந்தவனம் பூசைக்கு மலரும் பத்திரமும் தரும். முதியோர் அமர்ந்து தியானிக்க நிழல் தரும். இளைஞர்க்கு மண்ணின் அருமையை உணர்த்தும். வளாகம் முழுவதையும் சிமெண்டுத் தரையாக்குவதே வளர்ச்சி என்று கருதும் இக்காலத்தில், ஒரு மரத்தை வெட்டாமல் விடுவதும் திருப்பணியே ஆகும்.

மலையைக் கோயிலாகக் கண்ட முன்னோர் வழியில், கோயிலிலும் ஒரு சோலையைக் காண்பது பின்னோர் கடமை. அமைதி நாடி வருவோர்க்கு அச்சோலையும் ஒரு சந்நிதியாக விளங்குக!