ஜெஃபர்சன் ஆட்சியில் அச்சகமும் துறைமுகமும்

1798 ஜூலை 14 அன்று அமெரிக்க அதிபர் ஜான் ஆடம்ஸ் ராஜதுரோகச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதிபரையோ அரசையோ காங்கிரஸையோ பொய்யாகவும் தீய நோக்கத்தோடும் பழித்து எழுதினால் 2 ஆண்டு வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம். இந்தப் பாதுகாப்பு துணை அதிபருக்குக் கிடையாது. அந்த நாற்காலியில் இருந்தவர் எதிரணியைச் சேர்ந்த தாமஸ் ஜெஃபர்சன். அவரை யார் வேண்டுமானாலும் ஏசலாம். சட்டம் காலாவதியாகும் நாளையும் ஆடம்ஸின் பதவிக்காலம் முடியும் தறுவாயில், 1801 மார்ச் 3 என்று முன்கூட்டியே குறித்துவிட்டார்கள்.

இவ்வளவு அப்பட்டமான சட்டம் எதிர்ப்பைச் சம்பாதித்ததில் வியப்பில்லை. வெர்மாண்ட் மாநிலத்தின் காங்கிரஸ் உறுப்பினர் மேத்யூ லயனுக்கு 4 மாதச் சிறையும் 1,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. அவர் சிறையில் இருந்தபோதே மக்கள் அவரை மறுபடியும் தேர்ந்தெடுத்தார்கள். ஜெஃபர்சன் தன் பெயரை மறைத்து, அந்தச் சட்டம் செல்லாது என்று அறிவிக்கும் கென்டக்கி தீர்மானங்களை எழுதிக்கொடுத்தார். ஆடம்ஸைத் தாக்கி எழுதிச் சிறைக்குப் போன ஜேம்ஸ் காலெண்டருக்குப் பணமும் கொடுத்தார். 1801-ல் அதிபரானதும் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். அதுவரை ஜெஃபர்சனின் பேச்சும் செயலும் ஒன்றாகத்தான் இருந்தன.

இரண்டே ஆண்டுகளில் நிலைமை மாறியது. 1803 பிப்ரவரியில் பென்சில்வேனியா ஆளுநர் தாமஸ் மெக்கீனுக்கு ஜெஃபர்சன் ஒரு கடிதம் எழுதினார். பத்திரிகைகளின் பொய்கள் எல்லை மீறிவிட்டன, மாநிலச் சட்டங்களைக் கொண்டு முக்கியமான சிலர்மீது மட்டும் வழக்குப் போட்டால் நல்ல பலன் கிடைக்கும் என்பது அதன் சாரம். இந்த யோசனை தன்னுடையது என்று வெளியே தெரிய வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். மத்திய அரசுக்குத்தான் அந்த அதிகாரம் இல்லை, மாநிலங்களுக்கு உண்டு என்பது அவருடைய வாதம். அரசியல் சட்ட நுணுக்கப்படி அது சரியாகவே இருக்கலாம். சிறைக்கம்பிக்குப் பின்னால் நிற்கும் அச்சகக்காரருக்கு அந்த நுணுக்கத்தால் என்ன ஆறுதல்?

அப்படி மாட்டிக்கொண்டவர்களில் ஒருவர் ஹாரி கிராஸ்வெல். வயது 24. நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நகரில் 'தி வாஸ்ப்' என்ற சிற்றிதழை நடத்திவந்தார். முதல் அதிபர் வாஷிங்டனைத் துரோகி என்றும் கொள்ளைக்காரர் என்றும் எழுதுவதற்காக ஜெஃபர்சன் காலெண்டருக்குக் காசு கொடுத்தார் என்று வேறொரு பத்திரிகையில் வந்த குற்றச்சாட்டை அவர் தன் இதழில் எடுத்துப் போட்டார். 1803 ஜூலையில் கிளாவராக் நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது. எழுதியது உண்மை என்று நிரூபிக்க அவர் அனுமதி கேட்டார். காலெண்டரையே சாட்சியாக அழைக்க அவகாசமும் கேட்டார். இரண்டும் மறுக்கப்பட்டன. எழுதியது உண்மையா என்ற கேள்விக்கே இடமில்லை, அச்சிட்டது இவர்தானா என்று மட்டும் ஜூரிகள் சொன்னால் போதும் என்றார் நீதிபதி. தீர்ப்பு: குற்றவாளி. அதே மாதத்தில் காலெண்டர் ரிச்மண்டில் ஆற்றில் மூழ்கி இறந்துபோனார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆடம்ஸ் கொண்டுவந்த சட்டம் அடக்குமுறைச் சட்டம்தான். ஆனாலும் எழுதியது உண்மை என்று நிரூபித்தால் தப்பிக்கலாம் என்று அதில் ஒரு வழி இருந்தது. ஜெஃபர்சனின் கட்சிக்காரர்கள் கிராஸ்வெல்மீது பாய்ச்சிய பழைய பொதுச்சட்டத்தில் அந்த வழியும் அடைபட்டுக் கிடந்தது.

மேல்முறையீட்டில் கிராஸ்வெல்லுக்காக 1804 பிப்ரவரியில் ஆல்பனியில் வாதாடியவர் அலெக்ஸாண்டர் ஹாமில்டன். நல்ல நோக்கத்தோடு சொல்லும் உண்மை, ஆள்வோரைப் பற்றியதாக இருந்தாலும் குற்றமாகாது என்று அவர் நெடுநேரம் வாதிட்டார். அவர் கையும் சுத்தமில்லை. 1799-ல் இதே ஹாமில்டன் கொடுத்த புகாரால்தான் நியூயார்க்கில் எதிரணிப் பத்திரிகை ஒன்றின் அச்சகப் பணியாளர் சிறைக்குப் போனார். நீதிபதிகள் இரண்டுக்கு இரண்டாகப் பிரிந்தார்கள், கிராஸ்வெல்லுக்கு விடுதலை கிடைக்கவில்லை. ஆனால் அந்த வாதம் வீண்போகவில்லை. 1805-ல் நியூயார்க் சட்டமன்றம் அதைச் சட்டமாகவே இயற்றியது.

வணிகத்திலும் இதே கதைதான். பிரிட்டனும் பிரான்சும் அமெரிக்கக் கப்பல்களைப் பிடித்துவந்த காலம் அது. போருக்குப் போகாமல் அவர்களை வழிக்குக் கொண்டுவர ஜெஃபர்சன் தேர்ந்தெடுத்த வழி, 1807 டிசம்பர் 22-ல் அமலான ஏற்றுமதித் தடை. குடிமக்களின் வியாபாரத்தில் அரசு தலையிட்டால் நினைத்ததைவிடக் கேடுதான் அதிகம் விளையும் என்று அவருடைய நிதியமைச்சர் ஆல்பர்ட் கலட்டின் முன்பே எச்சரித்திருந்தார். நாட்டின் ஏற்றுமதி ஒரே ஆண்டில் சுமார் 10.8 கோடி டாலரிலிருந்து 2.2 கோடியாகச் சரிந்தது. வெர்மாண்ட் உழவர்கள் மரச்சாம்பலைக் காய்ச்சி எடுக்கும் பொட்டாஷை சாம்ப்ளேன் ஏரி வழியாகக் கனடாவுக்கு அனுப்பித்தான் காசு பார்த்துவந்தார்கள். இப்போது அது கடத்தல் ஆனது. 1808 ஆகஸ்டில் வினூஸ்கி ஆற்றில் 'பிளாக் ஸ்நேக்' என்ற கடத்தல் படகைப் பிடிக்கப் போனபோது நடந்த துப்பாக்கிச் சண்டையில் மூன்று பேர் செத்தார்கள். அந்த வழக்கில் ஒருவர் தூக்கிலிடப்பட்டார். அடுத்து 1809 ஜனவரியில் வந்த அமலாக்கச் சட்டம், சந்தேகம் ஒன்றையே காரணமாக வைத்துச் சரக்கைப் பறிமுதல் செய்யும் அதிகாரத்தைச் சுங்க அதிகாரிகளுக்குக் கொடுத்தது. உலகோடு நாங்கள் செய்யும் வணிகத்தை மன்னர் துண்டித்தார் என்று 1776 சுதந்திரப் பிரகடனத்தில் புகார் எழுதிய அதே கைதான் இதிலும் கையெழுத்திட்டது.

எதிர்க்கட்சியின் கூச்சலை விட, சொந்த முகாமிலிருந்து வந்த கேள்விகளுக்குத்தான் எடை அதிகம். 1806-ல் ஃப்ளோரிடா நிலத்துக்காக 20 லட்சம் டாலரை ரகசியமாக ஒதுக்கும் திட்டத்தை எதிர்த்து, ஜெஃபர்சனின் தளபதியாக இருந்த வர்ஜீனியாவின் ஜான் ராண்டால்ஃப் பிரிந்துபோனார். அரசின் அதிகாரம் சிறியதாக இருக்க வேண்டும் என்ற பழைய கொள்கையை விட்டுப் போனது தானல்ல, அதிபர்தான் என்றார். காங்கிரஸ் உறுப்பினர் என்பதால் அவரைத் தொட முடியவில்லை. அந்த 20 லட்சம் நெப்போலியனுக்குக் கொடுத்த லஞ்சம் என்று அச்சிட்ட ஹார்ட்ஃபோர்ட் நகரப் பத்திரிகைக்காரர்கள்மீது, மத்திய அரசின் நீதிமன்றத்திலேயே வழக்குப் பாய்ந்தது. எந்த அதிகாரம் மத்திய அரசுக்குக் கிடையவே கிடையாது என்று ஜெஃபர்சன் 1798-ல் எழுதினாரோ, அதே அதிகாரம்தான் இது. உச்ச நீதிமன்றம் 1812-ல், காங்கிரஸ் சட்டம் இயற்றிக் குற்றமாக்காத ஒன்றை மத்திய நீதிமன்றங்கள் தண்டிக்க முடியாது என்று அந்த வழக்கை முடித்துவைத்தது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் வில்லியம் ஜான்சன், ஜெஃபர்சனே நியமித்த நீதிபதி.