றஃப் றொக்கின் பாடவிதானம்

முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் வீதம் அமர்த்துவதாக 1868 ஆம் ஆண்டு உடன்படிக்கையில் அமெரிக்க அரசு நவஹோ மக்களுக்கு உறுதியளித்தது. எனினும் பின்னெழுந்த விடுதிப் பாடசாலைகளில் தாய்மொழி பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். இந்நிலையை மாற்றும் முயற்சியாகவே 1966 இல் அரிசோனா மாநிலத்து றஃப் றொக் கிராமத்தில் ஒரு பாடசாலை தோன்றியது. அதன் நிர்வாக சபையினர் யாவரும் நவஹோக்கள். பலர் பள்ளிப்படிப்புக் குறைந்தவர்கள். கல்வியியலார் இதனைக் குறையெனக் கருதலாம். ஆயின், எக்கதைகளைக் குளிர்காலத்தில் மட்டுமே சொல்லலாம் என்பதை அறிந்தோர் அவர்களன்றோ! அங்கு அமைந்த பாடவிதான நிலையம் நவஹோக் கதைகளையும் வாழ்க்கை வரலாறுகளையும் நூலாக்கியது. முதியோரும் பெற்றோரும் விடுதியில் பிள்ளைகளுக்குக் கதை கூறினர். பணமோ வாஷிங்டனிலிருந்தே வந்தது. ஆண்டுதோறும் அதனை வேண்டிப் பெறவேண்டியிருந்தது. நிதி தளர்ந்தபோது இருமொழித் திட்டங்களும் இடையில் நின்றன.