கதவைத் திறந்தவரும் கணக்குக் கேட்டவர்களும்

1990 பிப்ரவரி 2ஆம் நாள். கேப் டவுன் நகரில் கூடிய தென்னாப்பிரிக்க நாடாளுமன்றத்தில் குடியரசுத் தலைவர் எஃப். டபிள்யூ. டி கிளார்க் உரையாற்றினார். 30 ஆண்டுகளாக ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசின் மீதிருந்த தடை நீக்கப்படுகிறது என்று அறிவித்தார். அடுத்த ஒன்பதாம் நாள், 27 ஆண்டுச் சிறைவாழ்வு முடிந்து நெல்சன் மண்டேலா வெளியே நடந்து வந்தார்.

அறிவித்தவர் இன ஒதுக்கல் ஆட்சியின் மடியிலே வளர்ந்தவர். அவருடைய தந்தை அவ்வாட்சியில் அமைச்சர். தாமும் 1978 முதல் அமைச்சர். எனவே, மனம் மாறினாரா, வேறு வழியின்றி இறங்கி வந்தாரா என்ற கேள்வி அன்றே எழுந்தது. உள்நாட்டில் மக்கள் எழுச்சி ஓயவில்லை. உலக நாடுகளின் பொருளாதாரத் தடை இறுக்கியது. 1989இல் பெர்லின் சுவர் வீழ்ந்தபின், பொதுவுடைமைப் பூச்சாண்டி காட்டி ஆதரவு திரட்டவும் இயலவில்லை.

ஆயினும், நெருக்கடிக்குள்ளான ஆட்சியாளர் அனைவரும் விட்டுக்கொடுத்துவிடுவதில்லை. மக்களை நிறவாரியாகப் பதிவு செய்த சட்டமும், குடியிருப்புகளைப் பிரித்த சட்டமும் 1991இல் நீக்கப்பட்டன. 1992இல் வெள்ளையரிடம் மட்டுமே நடத்திய வாக்கெடுப்பில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் பேச்சுவார்த்தையை ஆதரித்தனர். 1994 தேர்தலில் தோற்றதும் டி கிளார்க் அமைதியாக ஆட்சியை ஒப்படைத்து, மண்டேலாவின் கீழ்த் துணைத் தலைவராகவும் பணியாற்றினார். ஒரு நாடு கைமாறியதில் அவருக்குரிய பங்கை மறுப்பது நேர்மையன்று.

மறுபக்கமும் உண்டு. 1993 அக்டோபர் 8ஆம் நாள், அவருடைய ஒப்புதலுடன் படையினர் உம்டாட்டா நகரில் ஒரு வீட்டைத் தாக்கினர். போராளிகளின் தளம் என்றார்கள். இறந்தவர்கள் ஐந்து இளையோர். அவர்களுள் இருவருக்கு வயது 12. சரியாக ஒரு வாரம் கழித்து, மண்டேலாவுக்கும் அவருக்கும் நோபல் அமைதிப் பரிசு அறிவிக்கப்பட்டது.

பின்னர், பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையிலான உண்மை மற்றும் ஒப்புரவு ஆணையத்தின் முன் தோன்றி, இன ஒதுக்கல் விளைவித்த துன்பத்திற்காக மன்னிப்புக் கேட்டார். ஆனால் கொலைகளையும் சித்திரவதைகளையும் தாம் அறியவோ அனுமதிக்கவோ இல்லை என்றார். 1998இல் வெளிவந்த ஆணைய அறிக்கையில் தம்மைப் பற்றிய முடிவுக்கு நீதிமன்றத் தடை பெற்றார். அப்பகுதி கறுப்பு மை பூசப்பட்டே மக்கள் கைக்கு வந்தது.

ஒப்புரவு என்ற சொல் நமக்குப் புதிதன்று. 'பாவம் செய்தேன்' என்று பொதுவாகச் சொல்வது எளிது. இன்ன பாவம் என்று சொல்லும்போதுதான் நா தயங்குகிறது. அவரும் அவ்விடத்திலேயே தயங்கி நின்றார். இன ஒதுக்கல் மானிடத்திற்கு எதிரான குற்றம் என்பதை 2020இல்கூட அவர் முழுதாக ஏற்கவில்லை. கண்டனம் எழுந்தபின் வருத்தம் தெரிவித்தார்.

2021 நவம்பர் 11ஆம் நாள், தம் 85ஆம் வயதில் இறந்தார். அன்றே வெளியிடப்பட்ட ஒளிப்பதிவில், கறுப்பரிடமும் கலப்பினத்தாரிடமும் இந்தியரிடமும் நிபந்தனையின்றி மன்னிப்புக் கேட்டிருந்தார். சிலர் அதனை ஏற்றனர். உறவுகளைப் பறிகொடுத்த குடும்பத்தார் சிலரோ, தாங்கள் அறிய வேண்டிய உண்மையை அவர் கல்லறைக்கே கொண்டுசென்றுவிட்டார் என்று வருந்தினர்.

கதவைத் திறந்தவருக்கு வரலாறு நன்றி சொல்லும், சொல்லவும் வேண்டும். ஆனால் அந்த நன்றியைக் காட்டி, தம் பிள்ளைக்கு நேர்ந்ததைக் கேட்கும் தாயை யாரும் வாயடைத்துவிடல் ஆகாது.