மானிப் பலகையும் பழுதறியும் முறையும்

மோட்டார் வாகனத்தின் நிலையைச் சாரதிக்கு அறிவிப்பது மானிப் பலகை. அதுவே பொய்யுரைப்பின் எங்ஙனம் அறிவது? இவ்வினாவுக்குத் திருத்துநர் கண்ட விடைகளே மானித் திருத்தத்தின் வரலாறாகும்.

1902இல் ஜேர்மனியரான ஒட்டோ சூல்ற்சே சுழிப்போட்ட வேகமானிக்குக் காப்புரிமை பெற்றார். கியர்ப்பெட்டியிலிருந்து வரும் வளையக்கூடிய வடம் காந்தமொன்றைச் சுழற்றும். அக்காந்தம் அலுமினியக் கிண்ணத்தை இழுக்கும். மெல்லிய சுருள்வில் அவ்விழுப்பை எதிர்க்கும். முள் நடுங்கினால், முதலில் ஆராயப்பட்டது கிறீஸ் வற்றிய வடமே.

1960களின் பிரித்தானியக் கார்கள் பலவற்றில் எரிபொருள்மானியும் வெப்பமானியும் ஏறத்தாழ 10 வோற்று வழங்கும் ஒரே நிலைப்படுத்தியைச் சார்ந்திருந்தன. இரண்டும் ஒருங்கே பிழைத்தால் நிலைப்படுத்தியையும், ஒன்று மட்டும் பிழைத்தால் அதற்குரிய உணரி, கம்பி, மானி ஆகியவற்றையும் ஐயுறுதல் முறையாயிற்று. முள்ளைக் குறைகூறுமுன் மூலத்தை ஆராய்தல் இத்தொழிலின் முதல் விதியாக நிலைபெற்றது.

1976இல் அறிமுகமான அஸ்ரன் மாட்டின் லகொண்டா இலத்திரனியற் பலகையைக் கொண்டிருந்தது. பின்னாளில், கடந்த தூரமும் பற்சக்கரங்களை விட்டு மின்னணு நினைவகத்திற் பதிவாகலாயிற்று. ஆகவே, பலகையை மாற்றுபவர் வாகனத்தின் கடந்தகாலச் சான்றையும் கையாளுகின்றார்.

இப்பொறுப்பைச் சட்டம் முன்னரே உணர்ந்திருந்தது. ஐக்கிய அமெரிக்காவின் 1972ஆம் ஆண்டுச் சட்டம் தூரமானியைத் திரித்தலைத் தடைசெய்தது, திருத்தத்தை அனுமதித்தது. பழைய எண்ணைப் பேண இயலாவிடின் மானியைப் பூச்சியத்தில் நிறுத்தி, முன்னைய தூரத்தை எழுதிக் கதவுச் சட்டத்தில் ஒட்டவேண்டுமென விதித்தது. பழுதை நீக்குதலும் உண்மையைப் பேணுதலும் ஒரே பணியின் இரு கூறுகளென அவ்விதி கொண்டது.