சாணைக்கல்லுக்குள் ஒரு தமிழ்ச் சொல்

தேனாம்பேட்டைப் பட்டறையில் கிரைண்டர் கல் தேய்ந்துபோச்சு. "கார்போரண்டம் கல்லு குடுங்க" என்றேன். "எதைச் சாணை பிடிக்க?" என்று திருப்பிக் கேட்டார் கடைக்காரர். சரியான கேள்விதான்.

சேலம் பக்கம் கிடைக்கும் குருந்தத்தைப் பொடித்து, உருக்கிய அரக்கில் குழைத்துத்தான் அந்தக் காலத்தில் சாணைக்கல் செய்தார்கள். ஆங்கிலத்தின் 'கொரண்டம்' இந்தக் குருந்தம்தான். 1891-இல் அமெரிக்கர் எட்வர்ட் அச்செசன் மின் உலையில் ஒரு புதுப்பொருளை உண்டாக்கினார். கார்பனும் கொரண்டமும் சேர்ந்தது என்று நினைத்து, 'கார்போரண்டம்' என்று பெயர் வைத்தார். உண்மையில் அது சிலிக்கன் கார்பைடு. அதில் குருந்தமே கிடையாது! 1954-இல் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் தொடங்கியபோது, வேஷம் மாறிய அந்தச் சொல் சென்னைக்குத் திரும்பி வந்தது.

பெயர்க் குழப்பம் வேலையிலும் இடிக்கும். பச்சை சிலிக்கன் கார்பைடு கல், கார்பைடு முனைகளுக்கு. உளி, ட்ரில் பிட் போன்ற எஃகுக்கு அலுமினியம் ஆக்சைடு, அதாவது அசல் குருந்தத்தின் செயற்கை வடிவம்.

வாங்கும்போது, கல்லில் போட்டிருக்கும் ஆர்.பி.எம். உங்கள் மெஷினின் வேகத்துக்குக் குறையாமல் இருக்கணும். துளையும் தண்டுக்குச் சரியாகப் பொருந்தணும். மாட்டும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கல்லை மரக்கைப்பிடியால் லேசாகத் தட்டுங்கள். கணீர் என்றால் நல்ல கல். மந்தமாகக் கேட்டால் விரிசல். விரிசல் கல் சுழலும்போது வெடித்துச் சிதறும், ஆளையே கொல்லும். மாட்டியதும் ஒரு நிமிஷம் ஒதுங்கி நின்று சும்மா ஓடவிடுங்கள்.